உப்புத் தண்ணீரும் ஊசிமுனைத் துளையும்

என் கணவருக்கு மூச்சிழுப்பு நோய். கல்யாணம் பேசும்போது அதை மறைத்துவிட்டார்கள் என்ற கோபம் எனக்கு வெகுநாள் இருந்தது. யுத்தம் முடிந்த மறுவருஷம் பட்டணத்து டாக்டர் ஒருவர் அவருக்கு ஒரு கண்ணாடிக் கருவி கொடுத்தார். கோழிமுட்டை அளவு குடுவை, ஒரு பக்கம் வாயில் வைக்கும் குழாய், மறுபக்கம் ரப்பர் பந்து. சில சொட்டு மருந்து விட்டுப் பந்தை அமுக்கினால் மருந்து புகையாக வரும். அதை அவர் மூச்சோடு இழுத்துக்கொள்வார்.

"தெனம் கழுவி, தண்ணியில போட்டு கொதிக்க வைங்கம்மா. உள்ள பொடித் துளை ஒண்ணு கீது. அதுல மட்டும் ஊசி வுட்றாதீங்க. முனை ஒடஞ்சா வேற கெடைக்காது" என்றார் எங்கள் ஊர்க் கம்பவுண்டர். அன்றிலிருந்து உடைத்துவிடுவேனோ என்று பயந்து அதை இரண்டு கையாலும் பிடித்துத்தான் கழுவுவேன். எந்தத் தண்ணீர் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எங்கள் கிணற்றிலோ பருப்பே வேகாத உப்புத் தண்ணீர்.

ஆடிக் கிருத்திகை மத்தியானம் அவருக்கு இழுப்பு கண்டது. பந்தை அமுக்கினார். புகை வரவில்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். துளையின் மேல் வெள்ளையாக உப்புப் படிந்திருந்தது. தினமும் கொதிக்க வைத்து அதை அடைத்தவள் நான்தான்.

கம்பவுண்டரைக் கூப்பிட ஓடலாமென்றால் தெருவில் காவடிக் கூட்டம், எள் போட்டால் எள் விழாது. இவரோ மேஜையில் கையூன்றி நிற்கிறார், உதடு நீலம் பாரித்துவிட்டது. ஒவ்வொரு மூச்சும் கடைசியோ என்று பயந்தேன். ஊசியை எடுத்துவிட்டுத் திரும்ப வைத்தேன். குழாயில் வாய் வைத்து உறிஞ்சினேன். மருந்துதான் என் வாய்க்குள் வந்தது, அடைப்பு அப்படியே இருந்தது. கொஞ்ச நேரத்தில் என் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. நானும் சாகப்போகிறேன் என்றே நினைத்தேன்.

அப்போதுதான் வெந்நீர் அண்டா ஞாபகம் வந்தது; அதன் உள்ளேயும் இதே வெள்ளைதான் படியும். அதை எலுமிச்சம்பழத்தால்தான் தேய்ப்பேன். பழத்தைப் பிழிந்து, புடவைத் தலைப்பில் வடிகட்டிச் சூடாக்கிக் குடுவைக்குள் விட்டேன். அந்த உப்பு கரையும்வரை பட்ட வேதனையை என் எந்தப் பிரசவத்திலும் நான் பட்டதில்லை. பிறகு கழுவி, மருந்து விட்டு அமுக்கினேன். நூல்போலப் புகை வந்தது. இழுத்தார், மறுபடி இழுத்தார். அப்புறம்தான் எனக்கு அழுகை வந்தது.

மறுநாள் வந்த கம்பவுண்டரிடம் என் படபடப்பைச் சொன்னேன். சிரித்தார். "மருந்து வாய்க்குள்ள போச்சில்ல, அதாம்மா. நாம பயந்தா ஒடம்புல தானா ஊறுற சரக்குதான் அந்த மருந்து."

"அப்ப இவளுக்கு மருந்தே தேவையில்ல. வருஷம் பூரா ஊறிக்கினுதான் கீது" என்றார் என் கணவர்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சாவக் கெடந்த ஆளுக்கு இன்னா கேலி? உங்களுக்கு பயமே இல்லையா?" என்று கத்தினேன்.

"மூச்சு நின்னப்ப இல்லம்மே" என்றார். "புகைய இழுத்துட்டு கண்ணத் தொறந்து உன் மூஞ்சியப் பாத்தேன். நீ அழுவுறத பாத்துட்டு, நான் செத்துட்டேன்னே பயந்துட்டேன்."