இருசம்மாளின் வலது கால்

இருசம்மாளுக்குப் பேய் பிடித்திருந்தது என்று கச்சிராயபாளையம் பக்கம் இன்றைக்கும் சொல்வார்கள். வாய்க்கு வந்ததைப் பேசுகிற ஜனம். அவளைப் பிடித்தது பேயும் இல்லை, பிசாசும் இல்லை. நான் சொன்ன ஒரு பொய். அப்போது கள்ளக்குறிச்சியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் புண்ணுக்குக் கட்டுப் போடுகிற வேலை எனக்கு. பெயர் தீனதயாளன்.

1987 செப்டம்பர். இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்த வாரம். வழி நெடுக மரத்தை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள். இருசம்மாள் கூலி வேலைக்குப் போய் வளர்த்த ஒரே மகன் வேடியப்பனும் புளியமரம் வெட்டப் போனான். அவனுக்குச் சோறு கொண்டு போனாள். மரம் நினைத்த பக்கம் சாயாமல் இவர்கள் பக்கம் சாய்ந்தது. மகன் அங்கேயே போய்விட்டான். அவளுக்கு வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு நொறுங்கியது. சாலை மூடிக் கிடந்ததால் எங்களிடம் வந்து சேர மூன்று நாள் ஆயிற்று. அதற்குள் உறவுக்காரர்கள் மகனை எரித்து, எலும்பு பொறுக்கி, கோமுகி ஆற்றில் கரைத்துவிட்டார்கள்.

சீழ் பிடித்த எலும்பை டாக்டரம்மா வெட்டி எடுத்தார். புண் ஆற நாலு மாதம். நடுவில் இரண்டு விரல் அகலத்துக்கு எலும்பே இல்லை. அதை நிரப்ப மெட்ராஸிலிருந்து ஒரு சின்ன பாட்டில் வரவழைத்தார். உள்ளே ஜவ்வரிசியைவிடப் பொடியான வெள்ளை மணிகள். ஆய்வுக்கூடத்தில் செய்தவை.

"வீடு கட்ட சாரம் கட்றாங்க இல்ல, அது மாதிரிம்மா. இதைப் புடிச்சிக்கிட்டு உன் எலும்பு தானா வளந்துடும்" என்றார்.

இருசம்மாள் பாட்டிலையே பார்த்தாள்.

"எவனோ செத்தவன் எலும்ப வெச்சிக்கினு நான் நடக்க மாட்டேங்க."

எத்தனை சொல்லியும் கேட்கவில்லை. வைக்காவிட்டால் காலையே எடுக்க வேண்டியதுதான். மூன்றாம் நாள் நான் கட்டுப் பிரிக்கும்போதும், "இன்னாப்பா, அது யாரு எலும்பு?" என்று ஆரம்பித்தாள். எனக்குச் சுர்ரென்று கோபம் வந்துவிட்டது.

"உம்புள்ளையோடதுதான், போ! ஆத்துல கரைக்கறப்ப கொஞ்சம் எடுத்தாந்தாங்க!"

 உடனே அவள் கைநாட்டு வைக்கக் கட்டை விரலை நீட்டினாள். "இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?" என்றாள். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஆறேழு மாதத்தில் கால் ஊன்றி நடந்தாள். வலது காலில் மட்டும் மகனுடைய ரப்பர் செருப்பு. இடது கால் வெறுங்கால். பரிசோதனைக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தால் முழங்காலுக்குக் கீழே தடவிக்கொண்டே, "பசிக்குதாடா?" என்பாள். கொஞ்ச நேரம் காது கொடுப்பாள். பிறகு சரி என்று தலையாட்டுவாள். பக்கத்தில் இருப்பவர்கள் எழுந்து வேறு இடம் பார்ப்பார்கள்.

வேடியப்பன் உயிரோடு இருந்தபோது வெள்ளிமலையில் மூட்டை தூக்கப் போய்த் தங்குவான். அவள் அதுவரை மலையேறியதே இல்லை. ஒருநாள் ஜீப் ஓட்டுகிற சடையன் வந்து சொன்னான்: "வெள்ளிமலையில எறங்கி ஒருத்தரையும் வழி கேக்கலண்ணே. சாமைக் கொல்லைக்குள்ள குறுக்கால பூந்து போயி, அவன் தங்கின கொட்டாய் முன்னாடி நின்னுட்டா. எப்டி தெரியும்னு கேட்டா, கால் இட்டுக்கினு வந்துச்சின்றா."

நான் சொன்னது பொய் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். அன்றைக்கு எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

89-இல் ஒதுக்கீடு கிடைத்து ஊரெல்லாம் வெடி வெடித்துக்கொண்டிருந்த சமயம், அவள் காலை மறுபடி எக்ஸ்ரே எடுத்தோம். டாக்டரம்மாவுக்கு ஒரே சந்தோஷம்.

"ஒரு மணிகூட இல்ல பாரு, எல்லாம் கரைஞ்சிடுச்சி. இப்ப முழுசும் உன் சொந்த எலும்பு!"

"கரைஞ்சிட்டானா?" என்று கேட்டாள் இருசம்மாள். டாக்டரம்மாவுக்கு அது புரியவில்லை.

வெளியே வந்ததும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உண்மையைச் சொல்லிவிட்டேன். "யக்கா, அது உம்புள்ள இல்லக்கா. நீ ஒத்துக்கணும்னு நாந்தான் சும்மா சொன்னேன்."

அவள் கோபப்படவில்லை. "அந்தம்மாவே கரைஞ்சிட்டான்னு சொல்லிட்டாங்க. நீ எதுக்குப்பா இப்ப பொய் சொல்ற?" என்றாள். கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வந்தாள். "இன்னொரு கால் ஒடிஞ்சா, அதுல வெப்பீங்களா?"

கன்னாபின்னாவென்று திட்டி அனுப்பினேன்.

பத்தாம் நாள் அவளைத் தூக்கி வந்தார்கள். இடது கால். குழவிக்கல் தவறி விழுந்துவிட்டது என்றார்கள். அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். "பாட்டில் வந்துடுச்சா?"

டாக்டரம்மா எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "சின்ன விரிசல்தான். உள்ள எதுவும் வைக்கத் தேவையில்ல. மாவுக்கட்டு போதும்" என்றார்.

அன்றைக்குக் கால் நொறுங்கி வந்தபோதுகூட முனகாதவள், இதைக் கேட்டதும் ஓவென்று அழுதாள். நான் மாவுக்கட்டுத் துணியைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டிருந்தேன். என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"ரெண்டு தபா கல்ல போட்டேன்பா. பத்தலன்னா சொல்லு, இன்னொரு தபா போட்டுக்கறேன்."