அம்மா பார்த்த பாராளுமன்றத் தொடர்

ஞாயிற்றுக்கிழமை காலையில் சந்தைத் தக்காளியின் புளித்த வாசனை ஜன்னல் வழியாக வந்துகொண்டிருக்க, எங்கள் டிவியில் உயரத் தொப்பி வைத்த வெள்ளைக்காரர்கள் பாராளுமன்றத்தில் எழுந்து நின்று வாதாடிக்கொண்டிருப்பார்கள். விக்டோரியா ராணி காலத்து அரசியலைச் சொல்லும் நாவல் ஒன்றைத் தொடராக எடுத்திருந்தார்கள். பாலக்கோடு பக்கத்திலிருந்த எங்கள் ஊரில் அதை விடாமல் பார்த்த ஒரே ஆள் என் அம்மாவாகத்தான் இருக்கும். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஒன்பதாவது படித்த நான் பக்கத்தில் உட்கார்ந்து கதை சொல்வேன். எனக்கும் பாதிதான் புரியும். மீதியை நானே கட்டிச் சொல்லிவிடுவேன்.

அந்த வருஷம்தான் அம்மா பெண்களுக்கான வார்டில் நின்று ஜெயித்துப் பேரூராட்சி "மெம்பர்" ஆகியிருந்தாள். கட்சிக்காரரான அப்பா காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவதுதான் அவள் வேலை. பஸ் நிலையத்தை ஒட்டியிருந்த காய்கறிச் சந்தையை ஊருக்கு வெளியே, நெடுஞ்சாலைப் பக்கம் மாற்றத் தீர்மானம் வந்தபோதும், "நீ ஒண்ணும் பேச வேண்டாம், எல்லாரும் தூக்கறப்ப கையத் தூக்கு, போதும்" என்றார் அப்பா. ஆனால் எங்கள் வார்டைச் சேர்ந்த பட்டிகளிலிருந்து கூடையோடு பஸ்ஸில் வந்து இறங்கும் பெண்கள் "வூட்டு"க்கே வந்து, "அவ்ளோ தூரம் நாங்க எப்பிடிங்க செமக்கறது?" என்று அம்மாவிடம் கேட்டுவிட்டுப் போனார்கள்.

அந்த வாரத் தொடரில் இளம் உறுப்பினன் ஒருவன் தன் கட்சிக்கு எதிராகவே வாக்களித்தான். பிறகு அவர்கள் பேசியது எனக்கு விளங்கவில்லை. "எல்லாரும் மெச்சிக்கிட்டாங்கம்மா, பெரிய பதவி குடுத்துட்டாங்க" என்று அடித்துவிட்டேன்.

புதன்கிழமைக் கூட்டத்தில் அம்மா கையைத் தூக்கவில்லை. ஒரு கை குறைந்து தீர்மானம் தோற்றது.

"என் மானத்த வாங்கிட்டயே" என்று அப்பா கத்தினார்.

"எனக்கு ஓட்டுப் போட்டவங்க அவங்கதானுங்க" என்றாள் அம்மா, குரல் உயர்த்தாமல்.

அடுத்த தேர்தலில் கட்சி அவளுக்கு இடம் தரவில்லை.

கல்லூரியில் அந்த நாவலைப் படித்தபோதுதான், அந்த இளைஞன் இருந்த பதவியையும் இழந்தான் என்று எனக்குத் தெரிந்தது. என் பொய்தான் அம்மாவைக் கவிழ்த்துவிட்டதென்று பதறிப்போய் ஊருக்கு வந்து சொன்னேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் சிரித்தாள். "அவன் மூஞ்சியப் பாத்தாலே தெரியலையா? எல்லாம் போச்சுன்னு தெரிஞ்சுதான் நடந்து போனான். நானும் தெரிஞ்சுதான் கையத் தூக்கல."

இன்று அந்தத் தொடரும் இல்லை, பஸ் நிலையத்துச் சந்தையும் இல்லை. அம்மாவுக்குப் பின் வந்த மெம்பர்கள், அதில் பாதிப்பேர் பெண்கள், நெடுஞ்சாலை வரை நேர் பஸ் விட்டால்தான் ஆயிற்று என்று பிடிவாதம் பிடித்து, பஸ் வந்த பிறகே சந்தையை மாற்றினார்கள். வருத்தமா என்று கேட்டால் அம்மா தலையை ஆட்டி மறுக்கிறாள்.

"கூடக்காரங்களக் கேட்டுட்டுத்தான கையத் தூக்குனாங்க? அப்ப சரி."