ஏகாம்பரம் மேஸ்திரி போட்ட இரண்டு துளைகள்

பெண்ணாடம் சந்தையில் வேனிலிருந்து ஊறுகாய் ஜாடிகளை இறக்கிக்கொண்டிருந்தோம். கரும்பு லாரி ஓட்டுநர் ஒருவர் வண்டியை நிறுத்தி, "உங்க வேனைக் கட்டுன ஏகாம்பரம் மேஸ்திரி முந்தாநாளு போயிட்டாராம்மா" என்றார். கையிலிருந்த ஜாடியை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றேன்.

விருத்தாசலத்தில் லாரி வைத்திருந்தவர்களுக்கு அவரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. லாரியின் அடிச்சட்டமான சேசிஸை வெட்டி நீட்டுவதில் அவர் கை தனி. நானும் கணவரும் பீங்கான் சாமான்களை ஊர் ஊராக விற்பவர்கள். 1960களின் கடைசியில் வாடகை வீட்டைக் காலி செய்து வேனிலேயே குடியிருக்க முடிவு செய்தோம். மற்ற பட்டறைகளில் சிரித்தார்கள். மேஸ்திரி மட்டும், "படுக்கும்போது தலை எந்தப் பக்கம் வைப்பீங்க?" என்று கேட்டுவிட்டு, நூலை எடுத்து அளந்தார். பின்சக்கரத்துக்குப் பின்னால் சட்டத்தை மூன்றடி நீட்டினார்.

அவருக்கு ஒரு கட்டுப்பாடு இருந்தது. "ஓட்டை வேணும்னா சட்டத்தோட நிமிந்த பக்கத்துல போடுறேன். மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் தொடமாட்டேன். பாரமே அதுலதான் நிக்குது."

எனக்கோ தண்ணீர் டிரம் வேனுக்கு அடியில், அடுப்புக்கு நேர் கீழே தொங்க வேண்டும். அதற்குக் கீழ் விளிம்பில்தான் துளை போட முடியும். "ரெண்டே ரெண்டு ஓட்டைதானே!" என்று மூன்று நாள் நச்சரித்தேன். பி.ஏ. படித்த திமிரும் கொஞ்சம் இருந்தது. கடைசியில் போட்டுக் கொடுத்தார்.

மறுநாள் காலை திருச்சிப் பக்கத்துத் திருவிழாவுக்குக் கிளம்பினோம். வேப்பூரில் லாரிகள் நிற்கும் ஒரு கடையில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மேஸ்திரி பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடி வந்தார். அத்தனை டிரைவர்களுக்கும் கேட்கும்படி என் கணவரிடம் சொன்னார்: "வண்டியத் திருப்புங்க சார். கீழ் விளிம்புல ஓட்டை போட்டுட்டேன். தப்பு என்னோடது."

கணவர் வேனுக்கு அடியில் குனிந்து பார்த்தார். "ஒண்ணும் ஆகலியே மேஸ்திரி?"

"ஆவறதுக்கு முன்னாடி வரத்தான சார் பஸ்ஸு புடிச்சேன்."

"மேஸ்திரிக்கே கை தவறிப்போச்சா?" என்றார் ஒரு டிரைவர். "இனிமே எங்க லாரிக்குப் பின்னாடியும் பஸ்ஸுல வருவீங்களா?"

"வரேன்பா. டிக்கெட்ட நீ எடு."

எல்லாரும் சிரித்தார்கள். துளைகளைக் கேட்டது நான்தான் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பட்டறைக்குத் திரும்பியதும் அந்தத் துண்டையே வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாகப் பொருத்தினார். திருவிழா எங்களுக்குத் தவறிப்போனது. வேப்பூர்ப் பேச்சு ஊருக்குள் பரவி, இரண்டு லாரிக்காரர்கள் வேறு பட்டறைக்குப் போனார்கள். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை.

நேற்று அவர் வீட்டுக்குப் போய் அவருடைய மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அந்த அம்மா நிதானமாகச் சொன்னார்: "தெரியும்மா. அன்னிக்கே வூட்டுக்கு வந்து சொன்னாரு. வேப்பூர்ல ஏன் அதச் சொல்லலன்னு கேட்டேன். 'கேட்டது அவங்க, போட்டது நான்தான'ன்னுட்டாரு."

மேஸ்திரியின் நியாயம் அவருக்கு. அன்று சிரித்தவர்களும் பட்டறை மாறியவர்களும் இதைப் படித்தால் தெரிந்துகொள்ளட்டும்: மேஸ்திரிக்குக் கை தவறவில்லை. 'தப்பு என்னோடது' என்று வேப்பூரில் அவர் சொன்ன சொல்லை இனி நான் வைத்துக்கொள்கிறேன். இத்தனை வருடமும் அது என்னுடையதுதான்.