சித்தப்பா போட்ட குருவி

கல், காகிதம், கத்தரி என்று கையை நீட்டி ஆடும் ஆட்டம் சீனாவில் பிறந்ததாம். அங்கிருந்து ஜப்பானுக்குப் போய், பிறகு கப்பலேறி, ஒரு நாடு பாக்கியில்லாமல் பரவிவிட்டதாம். பேரன் செல்போனைப் பார்த்துப் படித்துச் சொன்னான். இருக்கட்டும். எங்கள் ஊருக்கு அதைக் கொண்டுவந்தவர் என் சித்தப்பா. அது எந்தச் செல்போனிலும் இருக்காது.

எங்கள் ஊர் விழுப்புரத்துக்கும் திருவாமாத்தூருக்கும் நடுவில் இருந்தது. சித்தப்பா கல்யாணங்கூடப் பண்ணிக்கொள்ளாமல் மலேயாவுக்கு ரப்பர்த் தோட்ட வேலைக்குப் போனவர். உலகச் சண்டையில் அங்கேயே அகப்பட்டுக்கொண்டு, அது ஓய்ந்த மறுவருஷம்தான் திரும்பி வந்தார். எனக்கு அப்போது எட்டு வயது. பட்டுப் பாவாடை வரும் என்று வாசலிலேயே காத்துக் கிடந்தேன். வந்தது ஒரு தகரப் பெட்டியும் இந்த ஆட்டமும்தான்.

அவருடைய ஆட்டத்தில் காகிதமும் கிடையாது, கத்தரியும் கிடையாது. மூடிய கை கல். ஐந்து விரலையும் அலகு மாதிரிக் குவித்தால் குருவி. உள்ளங்கையை மேலே பார்க்க விரித்தால் தண்ணீர். கல் குருவியை அடிக்கும், குருவி தண்ணீரைக் குடிக்கும், தண்ணீர் கல்லை முழுங்கும். தோட்டத்து மலாய்ப் பிள்ளைகள் அவருக்குச் சொல்லிக் கொடுத்தது. சீனச் சமையல்காரர் இதையே வேறு பெயர்கள் வைத்து ஆடுவாராம். துப்பாக்கி தூக்கி வந்த ஜப்பான் சிப்பாய்கள்கூட மரத்தடியில் உட்கார்ந்து இதைத்தான் ஆடினார்களாம். சிப்பாய்களாவது விளையாடுவதாவது என்று நான் நம்பவில்லை.

ஊர்ப் பிள்ளைகள் எல்லாரும் பித்துப் பிடித்து ஆடினோம். எனக்கு மட்டும் சித்தப்பா ஒரு ரகசியம் சொன்னார். "புதுசா ஆடறவன் மொதல்ல கல்லுதான் போடுவான். பயத்துல கையை மூடிக்கினுதானே வருவான்." அப்பா இதைப் பொழப்பத்த வேலை என்பார். ஆனால் மாட்டுக்கு வைக்கப்போன வைக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் ஆட்டத்தைப் பார்த்தபடி நின்றுவிடுவார்.

தம்பி வந்துவிட்டார், இனி பாகம் பிரிக்கவேண்டும் என்று ஊரில் பேச்சு எழுந்தது. இருந்த நிலம் இரண்டே கொல்லை. ஒன்றில் கிணறு இருந்தது. அதை ஒட்டிய பனங்கொல்லை வானம் பார்த்த பூமி, மழை பெய்தால் கொஞ்சம் மல்லாட்டை, அதுதான் நிலக்கடலை, வரும். பிரித்துவைக்கத் திண்டிவனத்திலிருந்து அப்பாவின் தாய்மாமன் வந்தார். கிணற்றைப் பொதுவில் விட்டால் தினம் ஒரு சண்டை வரும், ஆகவே கிணறு முழுதாக ஒருவருக்கே என்று தீர்ப்புச் சொன்னார். பனங்கொல்லை வந்தால் சித்தப்பா மறுபடி கப்பலேறிவிடுவார் என்று அம்மா சொன்னாள். அவரை விட்டுவிட்டு இருப்பதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

திருவாமாத்தூர்க் கோயிலில் வட்டப்பாறை இருக்கிறது. அதன் எதிரில் சத்தியம் செய்து மீறினவன் வீடு போய்ச் சேரமாட்டான் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. எந்தக் கொல்லை யாருக்கு வந்தாலும் கடைசிவரை மாற்றிக்கொள்வதில்லை என்று அண்ணனும் தம்பியும் அங்கே சத்தியம் செய்தார்கள். அடுத்தது பூக்கட்டிப் பார்ப்பது. வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனி இலையில் மடித்துப் போட்டு, ஒரு சின்னப் பிள்ளையை எடுக்கச் சொல்வார்கள். அதற்காகத்தான் என்னைத் தலை முழுக வைத்து அழைத்துப் போயிருந்தார்கள்.

சித்தப்பா குறுக்கே வந்தார். "பூ வாணாம் மாமா. நாளைக்கு எதனா ஒண்ணுன்னா பாப்பாவைத்தான் நோவத் தோணும். நாங்க எங்க கையாலயே பாத்துக்கறோம்."

கோயிலில் என்ன கோலியாட்டமா என்று திண்டிவனத்துத் தாத்தா குதித்தார். அப்பா சித்தப்பாவின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, தம்பி சொல்கிறபடியே ஆகட்டும், ஜெயித்தவனுக்குக் கிணறு என்றார். பொழப்பத்த வேலை என்று சொன்ன அதே அப்பா.

பெரியவர்கள் வாக்குவாதத்தில் இருக்கும்போது எனக்கு மூளை வேலை செய்தது. அப்பாவின் வேட்டியை இழுத்து, கல்லைப் போடுங்கள், அதுதான் பலம் என்று காதில் ஓதினேன். இந்தத் துரோகம் பலித்தால் சித்தப்பா தண்ணீரைப் போட்டு ஜெயித்துவிடுவார். அப்பா குனிந்து என் கன்னத்தைத் தடவினார்.

"கல்லே போடறேன். போயி உன் சித்தப்பங்கிட்டயும் சொல்லிடு."

அப்பா இவ்வளவு ஏமாளியாக இருப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஒரே ஓட்டமாகப் போய்ச் சித்தப்பாவிடம் சொன்னேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

மூன்று எண்ணியதும் இரண்டு கைகளும் நீண்டன. அப்பா சொன்ன சொல் தவறாமல் கல்லைப் போட்டிருந்தார். சித்தப்பா போட்டது குருவி.

கிணறு எங்களுக்கு வந்தது. அப்பா நீட்டிய கையை இறக்கவே இல்லை. "ஏன்டா குருவி போட்ட?" என்றார். கை தவறிவிட்டது என்று சித்தப்பா சிரித்தார். இத்தனை நாடு சுற்றி வந்தவருக்கு ஒரு கையை ஒழுங்காக நீட்டத் தெரியவில்லையே என்று வழியெல்லாம் அழுதேன். அதைவிட விசித்திரம், ஜெயித்த அப்பா அன்றைக்குச் சோற்றைத் தொடவில்லை.

விடிந்ததும் சித்தப்பா தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு விழுப்புரத்துக்கு ரயிலேறக் கிளம்பினார். அப்பாவும் அம்மாவும் வீட்டில் இல்லை. நான் அவர் துண்டைப் பிடித்துக்கொண்டு கூடவே போனேன். கொல்லையைத் தாண்டித்தான் போகவேண்டும். அங்கே அப்பா மாடுகளை ஓட்டிக் கிணற்றில் கமலை இறைத்துக்கொண்டிருந்தார். அம்மா மண்வெட்டியால் நடு வரப்பை வெட்டிவிட்டிருந்தாள். தண்ணீர் கிடுகிடுவென்று பனங்கொல்லைக்குள் பாய்ந்துகொண்டிருந்தது.

"அப்பா, தண்ணி பூரா சித்தப்பா கொல்லைக்குப் போவுது!" என்று கத்தினேன்.

அப்பா மாட்டை நிறுத்தவில்லை. "கொல்லைக்குத்தான் சத்தியம் பண்ணோம். தண்ணிக்கு யாரு பண்ணாங்க?" என்றார். அது எனக்குச் சொன்னது போல இல்லை.

சித்தப்பா பெட்டியைக் கீழே வைத்தார். பிறகு கையை நீட்டி, உள்ளங்கையை மேலே பார்க்க விரித்தார். அப்பாவும் வடக்கயிற்றை விட்டுவிட்டு, மூடிய கையை அங்கிருந்தே தூக்கிக் காட்டினார்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆட்டம் முடிந்த மறுநாள் கை நீட்டினால் செல்லாது, இது அழுகுணி ஆட்டம் என்று இருவருக்கும் எடுத்துச் சொன்னேன். ஆளுக்கொரு வரப்பில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள், யாரும் என் பேச்சைக் கேட்கவில்லை. தோற்றவர் அழுவது சரி, ஜெயித்தவர் எதற்கு அழுகிறார் என்று அம்மாவைக் கேட்டேன். அம்மா பெட்டியைத் தூக்கி என் தலையில் வைத்து, வீட்டுக்குக் கொண்டுபோ என்றாள்.