ஊஞ்சலுக்காக ஓடிய பள்ளிக்கூடம்

ஆணி வாங்கப் போன கடையின் வாசலில் வெங்காயம் வதங்குகிற வாசனை வந்தால் சங்கரன்கோவில்காரி என்ன நினைப்பாள்? பக்கத்தில் யாரோ புரோட்டாக் கடை போட்டிருக்கிறார்கள் என்றுதான். மெல்பர்னுக்கு வந்த புதிதில் நானும் அப்படித்தான் நினைத்தேன். கிட்டே போய்ப் பார்த்தால், எங்கள் பல் டாக்டர் ஏப்ரன் கட்டிக்கொண்டு கரண்டியும் கையுமாக நிற்கிறார். மகன் விளையாடும் கிரிக்கெட் கிளப்புக்கு வலை வாங்க வேண்டுமாம்; அதற்காக ரொட்டியில் சாசேஜ் வைத்து விற்கிறாராம். இதற்குப் பெயர் ஃபண்ட்ரெய்சர். இந்த ஊரில் பொதுக்காரியத்துக்குச் சும்மா பணம் கேட்க மாட்டார்கள். கேக் விற்பார்கள், ராஃபிள் என்று குலுக்கல் சீட்டு கிழிப்பார்கள், மொட்டைகூட அடித்துக்கொள்வார்கள். சாமிக்கு இல்லை, வசூலுக்கு!

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வசூல் என்றால் தலைமையாசிரியரும் நாலு பெரிய மனிதர்களும் வெள்ளை வேட்டியில் கடை கடையாக ஏறி இறங்குவார்கள். கொடுத்தவர் பெயர் ஃபேன் றெக்கையில் ‘உபயம்’ என்று ஏறிவிடும். ஃபேன் சுற்றினால் பெயர் தெரியாதே? அதனால் கொடுத்த அண்ணாச்சி வகுப்புக்கு வரும்போது ஃபேனை நிறுத்திவிடுவார்கள். பங்குனி வெயிலில் வேர்த்து வழிய நாங்கள் கைதட்டுவோம். அந்தக் கூத்தைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தவள்தான் நான். என் வீட்டுக்கே ஒரு வசூல் வரும் என்று நினைக்கவில்லை.

என் மகள் கோமதிக்கு ஒன்பது வயது. பிறந்ததிலிருந்தே அவள் கால்கள் சொன்னபடி கேட்காது, சக்கர நாற்காலிதான். வாய் மட்டும் இரண்டு பேருக்குச் சேர்த்துப் பேசும். நாற்காலியோடு ஏறி ஆடுகிற மாதிரி ஊஞ்சல் கிடைக்கிறது என்று தெரிந்து, பள்ளியின் பெற்றோர் குழு அதை வாங்க முடிவெடுத்தது. எப்படிப் பணம் திரட்டலாம் என்று பேச என்னையும் கூப்பிட்டார்கள். குழுத்தலைவி ஜூலி தங்கமான மனுஷி. சாசேஜ் போன தடவைதான் போட்டாயிற்று, ராஃபிள் சூதாட்டம், சாக்லேட் விற்றால் பல் கெடும் என்று ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டு, கடைசியில் ‘லேப்பதான்’ என்றார்கள். பிள்ளைகள் மைதானத்தைச் சுற்றி ஓட வேண்டும். சுற்றுக்கு இவ்வளவு என்று சொந்தபந்தமும் அக்கம்பக்கமும் தர வேண்டும்.

எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குக் கைதட்ட வரவில்லை. ஊரில் ஒரு கூட்டத்தில் ஒருத்தி வாயைத் திறக்காமல் முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தால், யாராவது ஒரு மதினி, “என்னட்டி, ஒனக்குப் பிடிக்கலியா?” என்று கேட்பாள். இங்கே பேசாதவர் சம்மதித்தவர். ஜூலி என் தோளைத் தட்டி, உனக்கு மகிழ்ச்சிதானே என்றாள். நம் பிள்ளைக்காக இவ்வளவு பேர் மெனக்கெடும்போது நாமே குறை சொன்னால் நன்றாகவா இருக்கும்? தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

அன்று சாயங்காலம் ஊரிலிருக்கும் செல்வி அக்காவிடம் போனில் கொட்டினேன். அவள் பொரிந்து தள்ளிவிட்டாள்.

“ஏட்டி, ஓட முடியாத பிள்ளைக்கு ஊஞ்சல் வாங்க, மத்த பிள்ளையள ஓட விட்டுத் துட்டு பிரிக்காவளோ? நல்லாருக்குட்டி ஞாயம்! நீ வாயில கொழுக்கட்டையா வச்சிருந்த?”

“நமக்காகத்தானக்கா செய்தாங்க. எப்படிச் சொல்ல?”

“அப்ப அன்னைக்கு லீவு போட்டுரு. காய்ச்சல்னு சொல்லு.”

பக்கத்தில் இருந்த கோமதி போனைப் பிடுங்கினாள். “பெரியம்மா, எனக்குக் காய்ச்சலே இல்ல. நான் போவேன். எனக்குச் சக்கரம் இருக்கு, அம்மா தள்ளுவா.”

அவளுக்கு என்ன தெரியும்? ஒவ்வொரு பிள்ளையாகப் பின்னாலிருந்து வந்து அவளைத் தாண்டிப் போகும். அன்று முழுக்க அவள் பார்க்கப்போவது முதுகுகளைத்தான். அதை நினைத்து நான் வாரம் முழுக்கச் சரியாகச் சாப்பிடவில்லை.

எங்கள் ஊரிலும் சுற்று உண்டு. ஆடித்தபசுக்குக் கொடியேறியதும் சனம் கோயிலைச் சுற்றத் தொடங்கும். நூற்றியொரு சுற்று என்று நேர்ந்துகொள்வார்கள். ஒற்றைக்காலில் தவம் நிற்கிற அம்மனுக்குக் கால் வலிக்குமே, அதில் கொஞ்சத்தை நாமும் வாங்கிக்கொள்வோம் என்பது நம்பிக்கை. கைக்குழந்தையாக இருந்த மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு ஆடியில் நானும் சுற்றினேன். இவள் கால் சரியாகிவிடும் என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை, அதனால் சுற்றினேன்.

ஓட்டத்தன்று விசில் ஊதியதும் திமுதிமுவென்று கூட்டம் கிளம்பியது. இடிபட்டுவிடுவாளே என்று ஓரமாக ஒதுங்கி நின்றேன். எல்லோரும் போன பிறகு, பதற்றத்தில் ஷூவைக் கழற்றிப் போட்டுவிட்டு நாற்காலியைத் தள்ளத் தொடங்கினேன். ஏன் கழற்றினேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. புல் ஈரமாக இருந்தது. தலையைக் குனிந்துகொண்டு கால்வாசி மைதானம்கூடப் போயிருக்க மாட்டேன். நிமிர்ந்தால், எதிரே மொத்தப் பள்ளிக்கூடமும் வந்துகொண்டிருக்கிறது!

இங்கே மைதானத்தை இடக்கைப் பக்கம் வைத்து ஓடுவார்கள். என் கால்கள் அதை வலக்கைப் பக்கம் வைத்துக் கிளம்பியிருக்கின்றன. பிரகாரம் சுற்றிய கால்களுக்கு வேறு என்ன தெரியும்? விளையாட்டு வாத்தியார் இரண்டு கையையும் ஆட்டி, “ராங் வே! ராங் வே!” என்று கத்தினார். மானமே போயிற்று. பிள்ளை மானத்தையும் சேர்த்து வாங்கிவிட்டோமே! அவசர அவசரமாக நாற்காலியைத் திருப்பப் போனேன்.

அதற்குள் முன்னால் வந்த பையன், “ஹாய் கோம்ஸ்!” என்று கையை நீட்டினான். இவள் பட்டென்று தட்டினாள். பின்னால் வந்தவளும் நீட்டினாள். அதற்குப் பின்னால் வந்தவர்கள் வரிசையே கட்டிவிட்டார்கள்.

“எம்மா, திருப்பாத! எல்லார் மூஞ்சியும் தெரியுது.”

எந்தப் போர்டில் என்ன எழுதியிருந்தாலும் அதன்படி நடக்கிற குடியேறி நான். வாத்தியார் இன்னும் கையை ஆட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வலமாகவே தள்ளினேன். பள்ளிக்கூடம் மொத்தமும் இடமாக ஓடி வந்து, என் மகளின் கையைத் தட்டிவிட்டுத் தட்டிவிட்டுப் போனது.