எங்கள் பேரூர் சிற்றூராயிருந்த இரண்டாண்டு

நான் மணமாகிப் புகுந்த ஊர் இரண்டாண்டுக் காலம் பேரூராக இல்லை. கடலூரிலிருந்து சிதம்பரம் செல்லும் சாலையில் ஏறக்குறைய நடுவழியில் அது இருக்கிறது. இரண்டாயிரத்து நான்காம் ஆண்டில் வந்த அரசாணை மாநிலத்துப் பேரூராட்சிகளைச் சிறப்புக் கிராம ஊராட்சிகளாக்கியது. இரண்டாயிரத்து ஆறில் வந்த மற்றோர் ஆணை அவற்றை மீண்டும் பேரூராட்சிகளாக்கியது. இடைப்பட்ட காலத்தில் ஊரில் ஒரு செங்கல்லும் இடம் பெயரவில்லை. பேருந்து நின்ற இடத்திலேயே நின்றது. அலுவலக வாயிலில் பெயர்ப்பலகை மட்டும் மாறியது. அந்த இரண்டாண்டுக்குள்தான் என் திருமணம் வந்து அகப்பட்டுக்கொண்டது. அந்தப் பலகையால் அது நின்றும் போயிருக்கும்.

என் தந்தையார் சிதம்பரம் தொடர்வண்டி நிலையத்தில் பயணச்சீட்டு வழங்கும் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர். சாளரத்துக்குள் நீளும் கையைப் பார்த்தே ஆள் எந்த ஊருக்குப் போகிறார் என்று சொல்லிவிடுவதாகப் பெருமை பேசுவார்; பாதிக்குமேல் தவறாக இருக்கும். ஊர்களைப் பற்றி அவருக்கு உறுதியான கருத்துகள் உண்டு. அவற்றுள் அசைக்க முடியாதது, மகளைக் கிராமத்தில் கொடுப்பதில்லை என்பது. அவருடைய அக்காளைத் திட்டக்குடிக்கு மேற்கே ஒரு சிற்றூரில் கொடுத்திருந்தார்கள். அத்தை எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் முதலில் குழாயடிக்குப் போவார். குழாயைத் திறந்து, தண்ணீர் விழுவதைச் சிறிது நேரம் பார்த்து நின்றுவிட்டு, பிறகே உள்ளே வந்து நலம் விசாரிப்பார். தண்ணீருக்காக நாள்தோறும் நடந்த தொலைவைப் பற்றி அவர் யாரிடமும் குறைப்பட்டுக்கொண்டதில்லை. ஆனால் அவர் குழாயடியில் நிற்பதைத் தந்தையார் ஒவ்வொரு முறையும் பார்த்திருக்கிறார்.

கடலூரில் துணிக்கடை வைத்திருக்கும் என் தாய்மாமன் கொண்டுவந்த சம்பந்தம் அது. மாப்பிள்ளை நெல்லிக்குப்பத்தில் ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியர். பெண் பார்க்க வந்த அன்று என் அலமாரியைப் பார்த்து, தாம் பள்ளிப் பாடத்துக்கு அப்பால் தமிழ் படித்ததில்லை என்றும், ஒரு நூல் கொடுத்தால் முயன்று பார்ப்பதாகவும் சொன்னார். கொடுத்தேன். இரண்டு வாரம் கழித்துத் தாய்மாமன் வழியாக நூல் திரும்பி வந்தது. நாற்பதாம் பக்கத்தில் ஒரு பேருந்துச் சீட்டு இருந்தது. அதன் பின்புறத்தில், ‘இதுவரைதான் முடிந்தது’ என்று எழுதியிருந்தார். முழுவதும் படித்ததாக அவர் சொல்லியிருந்தால் நான் நம்பியிருப்பேன். அந்தச் சீட்டைப் பார்த்த பிறகு, மணந்தால் இவரைத்தான் என்று எனக்குள் முடிவு செய்துகொண்டேன்.

நாள் குறித்தாயிற்று; தை மாதம். அழைப்பிதழில் ஊர்ப்பெயருக்குக் கீழே அதன் தகுதியையும் அச்சிடுவது தந்தையாரின் வழக்கம். எங்கள் ஊருக்கு நகராட்சி என்றும் அவர்கள் ஊருக்குப் பேரூராட்சி என்றும் போட்டு, மெய்ப்பு எடுத்து, மாப்பிள்ளை வீட்டாருக்கு அனுப்பினார். மாப்பிள்ளையின் தந்தையார் நிலவளவைத் துறையில் இருந்தவர். கல் ஒரு சாண் தள்ளி நட்டிருந்தாலும் பொறுக்காதவர். பேரூராட்சி என்ற சொல்லைச் சிவப்பு மையால் அடித்து, மேலே ‘சிறப்புக் கிராம ஊராட்சி’ என்று எழுதித் திருப்பி அனுப்பினார். ஆணை வந்து ஓராண்டு கடந்திருந்தும், அவ்வூரில் பாதிப் பேரைப் போலவே, எங்கள் வீட்டிலும் அதை யாரும் அறிந்திருக்கவில்லை.

தந்தையார் அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். பிறகு அச்சகத்துக்குப் போய் வேலையை நிறுத்திவைக்கச் சொல்லிவிட்டு வந்தார். மறுநாள் தாய்மாமன் கடலூரிலிருந்து விரைந்து வந்தார்.

“டவுனுன்னு சொல்லித்தான மச்சான் கூட்டிக்கினு போனீங்க. இப்ப கிராமமாமே?” என்றார் தந்தையார்.

“ஊரு எங்கியும் போவல மாமா. போர்டுதான் மாறியிருக்கு.”

“ஸ்டேஷன்ல போர்டு மாறுனா டிக்கெட்டே மாறும், தெரியுமில்ல?”

அம்மா என் பக்கம் நின்று வாதாடினார். தந்தையார் சினக்கவில்லை, அது இன்னும் கடினமாக இருந்தது. தாமே யோசித்துச் சொல்வதாகக் கூறி எழுந்துபோனார். அந்த மாதம் முழுவதும் அழைப்பிதழைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. பேருந்துச் சீட்டை மட்டும் அடிக்கடி எடுத்துப் பார்ப்பேன்.

காந்தியடிகள் பிறந்தநாள் விடுமுறை. தாய்மாமன் வீட்டுக்குப் போகத் தந்தையாரும் நானும் காலையிலேயே கடலூர்ப் பேருந்தில் ஏறினோம். மாப்பிள்ளை ஊர் நிறுத்தத்தில் வண்டி நின்றதும், ஒன்றும் சொல்லாமல் குடையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். நானும் பின்னால் இறங்கினேன். மணப்பெண் முன்னறிவிப்பின்றி அவ்வூர்த் தெருவில் நிற்பது முறையன்று என்று நான் சொல்லத் தொடங்குமுன், பள்ளிக்கூடத்துப் பக்கமிருந்து ஒலிபெருக்கி கேட்டது. தந்தையார் அந்த ஓசையை நோக்கி நடந்தார்.

அங்கே பூவரசமரத்து நிழலில் கிராமசபை கூடியிருந்தது. பேரூராட்சியாக இருந்தவரை ஊருக்கு அப்படி ஒன்று கிடையாது. குறை இருந்தால் அலுவலகத்தில் மனுக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகவேண்டியதுதான். கிராம ஊராட்சி என்று ஆனதும், ஆண்டுக்கு நான்கு முறை ஊரார் கூடி உட்கார வேண்டும் என்பது சட்டமாயிற்று. முதற் கூட்டத்துக்கு வந்தவர்கள் குடும்ப அட்டை கொடுக்கிறார்கள் என்றெண்ணி வந்து, இல்லையென்றதும் போய்விட்டார்களாம். இரண்டாவதில் முடிதிருத்தும் கடைக்காரர் எழுந்து ஒரு கேள்வி கேட்க, தலைவர் அதற்குப் பதில் சொல்ல, இரண்டையும் புத்தகத்தில் எழுதிக்கொண்டார்கள். அந்தச் செய்தி மாலைக்குள் எல்லாத் தெருவுக்கும் எட்டிவிட்டது. நாங்கள் போன அன்று அமர இடமில்லை. பெண்கள் சோற்றை வடித்து வைத்துவிட்டு வந்திருந்தார்கள். வேர்க்கடலை விற்பவர் வாயிலில் கடைபோட்டிருந்தார். இவையெல்லாம் நான் பின்னால் கேட்டறிந்தவை. அன்று என் கண்ணில் பட்டது ஒன்றே ஒன்றுதான். அலுவலக எழுத்தருக்குக் கைவலி என்று, அவருக்குப் பதிலாகத் தீர்மானப் புத்தகத்தை எழுதிக்கொண்டிருந்தவர் என் மாப்பிள்ளை.

அவர் என்னைப் பார்த்தார், பேனா நின்றது, மீண்டும் எழுதத் தொடங்கினார்.

மீன் விற்கும் அம்மையார் ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். கடலோர ஊரில் பிறந்து, இவ்வூர் மேற்குத் தெருவில் வாழ்க்கைப்பட்டவர். மேற்குத் தெருக் குழாயில் இரண்டு நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர் வருகிறது என்றும், இன்று மீன் கழுவினால் நாளை மறுநாள்தான் தாம் கை கழுவ முடிகிறது என்றும் அவர் சொல்ல, கூட்டம் சிரித்தது. தந்தையார் சிரிக்கவில்லை. மாப்பிள்ளை வீடும் மேற்குத் தெருவில்தான் இருந்தது. கூட்டம் வேறு இரண்டு பொருள்களைக் கடக்கும்வரை குடையை ஊன்றி நின்றிருந்தவர், பிறகு கையை உயர்த்தினார்.

மேற்குத் தெருவில் தண்ணீர் உண்மையில் எப்படி வருகிறது என்பது அவருடைய கேள்வி. தலைவர் கதவு எண்ணைக் கேட்டார். தந்தையார் சிதம்பரம் என்றார்.

மீன்காரம்மா திரும்பிப் பார்த்தார். “செதம்பரத்துக்காரருக்கு எங்க தெருத் தண்ணி மேல இன்னா விசாரம்?”

“அந்தத் தெருவுல பொண்ணு குடுக்கலாம்னு இருக்கேன்.”

அத்தனை தலைகளும் என்னை நோக்கித் திரும்பின. வேர்க்கடலைக்காரர்கூட எழுந்து எட்டிப் பார்த்தார். பிறகு அங்கே நடந்தது எந்தத் தீர்மானப் புத்தகத்திலும் ஏறாதது. பின்வரிசையிலிருந்து ஒருவர், தண்ணீர் தினமும் வருகிறது என்றார். மற்றொருவர், காலையும் மாலையும் என்றார். இரவிலும் கொட்டுவதாகவும், தாங்கள்தாம் பாவம் பார்த்து மூடிவைப்பதாகவும் மூன்றாமவர் சேர்த்துக்கொண்டார். கொள்ளைத் தண்ணீர் என்று மீன்காரம்மாவே கையை விரித்துக் காட்டினார்.

“ஏம்மா, ரெண்டு நாளைக்கு ஒரு தபான்னு இப்பத்தான நீங்க சொன்னீங்க?”

“அது மனு. இது கல்யாணம்.”

 அப்போது மாப்பிள்ளை பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்தார். 

“ரெண்டு நாளைக்கு ஒரு தபாதான் வருது மாமா. கோடையில மூணு நாளும் ஆவும். வீட்டுல கெணறு இருக்கு, தண்ணி உப்பு.”

“கெடுத்துட்டீங்களே வாத்தியாரே” என்றார் முடிதிருத்தும் கடைக்காரர். கூட்டம் மாப்பிள்ளைக்காக வருந்தி உச்சுக்கொட்டியது. தந்தையார் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, தம் கேள்வியை எழுதிக்கொண்டாயிற்றா என்று கேட்டார். வெளியூரார் கேள்வியைப் புத்தகத்தில் எழுத விதியில்லை என்று, பெண் கொடுக்க வந்தவரிடம் மாப்பிள்ளை பணிவுடன் சொன்னார்.

“என் பேர்ல எழுது வாத்தியாரே. கேள்வி அவருது, வாய் என்னுது” என்றார் மீன்காரம்மா.

மேற்குத் தெருவுக்குப் புதிய குழாய்வரிசை வேண்டும் என்று தீர்மானம் எழுதப்பட்டது. எழுதியதை உரக்கப் படித்தார்கள். ஒவ்வொருவராக வந்து கையெழுத்திட்டார்கள். சிலர் கைநாட்டு வைத்தார்கள். தந்தையார் கடைசிக் கையெழுத்து விழும்வரை நகரவில்லை. தமக்கும் பேனாவை நீட்டுவார்களோ என்று எதிர்பார்த்ததைப் போல இருந்தது அவர் முகம்.

அடுத்த பேருந்தில் சன்னலோரம் அமர்ந்தார். அவருடைய பயணச்சீட்டுச் சாளரத்தின் முன்னே எத்தனையோ ஆயிரம் பேர் நின்றிருக்கிறார்கள். ஒருவரும் அவருக்காக எழுந்து நின்று பதில் சொன்னதில்லை என்று முதலில் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“ஒனக்காக ஊரே பொய் சொல்லுது. அவரு ஒருத்தரு ஒனக்காகப் பொய் சொல்லல. ரெண்டும் இருக்குற எடம் நல்ல எடம்தான்.”

தாய்மாமன் வீட்டு வாயிலில் செருப்பைக் கழற்றுமுன்பே, அச்சகத்துக்குத் தொலைபேசச் சொன்னார். அழைப்பிதழில் ‘சிறப்புக் கிராம ஊராட்சி’ முழுமையாக இருக்க வேண்டும். ‘நகராட்சி’யைவிட ஒரு படி பெரிய எழுத்தில். மகிழ்ச்சியில் அவர் சம்பந்தி வீட்டுக்கென்று ஐம்பது அழைப்பிதழ்கள் கூடுதலாகவும் அச்சிட்டுவிட்டார்.

தையில் திருமணம் நடந்தது. அதே மாதத்தில் குடியரசு நாள் கிராமசபை. புதுமணமக்களைப் பார்க்க வருவதாகச் சொல்லிக்கொண்டு தந்தையார் வந்தார். வீட்டில் காப்பி குடித்த கையோடு பூவரசமரத்தடிக்குப் போய்விட்டார். பங்குனியில் மேற்குத் தெருவுக்குப் புதுக்குழாய் வந்தது. சித்திரையில் அத்தை வந்தார். என்னைப் பார்ப்பதற்குமுன் குழாயைத் திறந்து பார்த்தார். அன்றைக்கும் தண்ணீர் வந்தது, மறுநாளும் வந்தது. மூன்றாம் நாள் அவர் குழாயடிக்குப் போகாமல் நேரே அடுக்களைக்கு வந்து என்னோடு வெங்காயம் உரித்தார். தொழிலாளர் நாள் கூட்டத்துக்கும் தந்தையார் வந்தார். கடைசி வரிசையில் அமர்ந்து, எழும் கேள்விகளையெல்லாம் மீன்காரம்மாவின் காதில் ஓதுவார்; அவர் எழுந்து முழங்குவார். ஊரில் அவருக்குச் சிதம்பரத்துச் சம்பந்தி என்று பெயர் நிலைத்துவிட்டது.

அந்த ஆண்டிலேயே மறு ஆணை வந்தது. ஊர் மீண்டும் பேரூராட்சி. கடைத்தெருவில் வெடி வெடித்தார்கள். பலகையை மாற்றி எழுத ஓவியர் ஏணியோடு வந்தார். நற்செய்தி என்று நான் தந்தையாருக்குத் தொலைபேசியில் சொன்னேன்.

“அப்ப சபை?”

“இனிமே கெடையாதாம்ப்பா.”

விடுதலை நாளன்று அவர் வழக்கம்போல் குடையோடு வந்து இறங்கினார். பள்ளியில் கொடியேற்றி, இனிப்பு வழங்கி முடித்திருந்தார்கள். ஆனால் மரத்தடி வெறுமையாக இல்லை. மீன்காரம்மா, முடிதிருத்தும் கடைக்காரர், இன்னும் பத்துப் பன்னிரண்டு பேர், யாரும் அழைக்காமலேயே, காலையில் சோற்றை வடித்துவிட்டு வந்தவர்களாய் உட்கார்ந்திருந்தார்கள். வேர்க்கடலைக்காரரும் இருந்தார். தலைவர் இல்லை, புத்தகமும் இல்லை.

“வாங்க சம்பந்தி. இன்னா கேக்கணும், காதுல சொல்லுங்க.”

தந்தையார் மீன்காரம்மா பக்கம் போகவில்லை. என் கணவரிடம் வந்து, இது இப்போது சட்டப்படி கிராமசபை இல்லைதானே என்று கேட்டார். இல்லை என்றார் அவர். அப்படியானால் வெளியூரார் கேட்கக்கூடாது என்ற விதியும் இதற்குப் பொருந்தாதுதானே என்றார் தந்தையார். என் கணவர் தலையசைத்தார். பொருந்தாதுதான்.

“அப்ப என் பேர எழுதிக்குங்க.”

தாள் தேடி நான் வீட்டுக்கு ஓடினேன். அவசரத்தில் கையில் அகப்பட்டவை மிஞ்சிய அழைப்பிதழ்கள். கட்டோடு அள்ளிக்கொண்டு வந்தேன். ‘சிறப்புக் கிராம ஊராட்சி’ என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்த தாளின் வெற்றுப் பின்புறத்தில், முதல் எண்ணிட்டு, தந்தையாரின் பெயரும் சிதம்பரம் வீட்டுக் கதவு எண்ணும் ஏறின. அவர் குடையைச் சுருக்கி மரத்தில் சாய்த்தார். சட்டையைச் சரிசெய்துகொண்டு, நிமிர்ந்து நின்று கேட்டார்.

“மேற்குத் தெருக் கொழாய்ல திருகு சரியில்ல. ராப்பகலா தண்ணி வீணாப் போவுது. யாரு பாக்குறது?”

உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் கைதட்டினார்கள். என் கணவர் அதை ஒரு சொல்லும் குறையாமல் எழுதி, உரக்கப் படித்துக் காட்டிவிட்டு, பேனாவை அவரிடம் நீட்டினார்.