எல்லைக்கல் பக்கம் குந்தியிருந்தவர்

பென்னாகரத்தில் எங்கள் தோட்டத்து எல்லைக்கல் அருகே காலையில் ஒருவர் வந்து குந்திக்கொள்வார். தலையில் ஈரத்துண்டு, பார்வை தரையிலேயே. நான் அங்கே வேலி போடப்போவது தெரிந்து பக்கத்து வீட்டுக்காரர் ஏவிவிட்ட ஆள் என்றே நினைத்தேன்.

"இங்க என்னாங்க பண்றீங்க?"

"தேனீ பாக்கறனுங்க. மண்ணுக்குள்ள குடியிருக்குது."

"குளவியாட்டம் இருக்குது?"

"குளவி கால்ல இப்பிடிப் பூவோட மஞ்சப்பொடி அப்பியிருக்காதுங்க." நிமிராமலே சொன்னார்: "இங்க வேலிக்குழி தோண்டாதீங்க, கூடு போயிரும்."

நம்பவில்லை. ஆனாலும் வேலியை ஒரு முழம் உள்ளே தள்ளிப் போட்டேன். அதன்பிறகு அவர் வரவில்லை.

அந்த ஒரு முழத்தில் பக்கத்து வீட்டுக்காரர் வாழைக்கன்று வைத்தார். தண்ணீர் பாய்ந்ததும் தேனீக்கள் வேலி தாண்டி என் பக்கம் வளை தோண்டிக்கொண்டன. தேனீக்காகவே வந்தவர் என்றால் ஒருமுறையாவது எட்டிப் பார்த்திருக்க மாட்டாரா?